கட்டை அவிழ்ப்பதற்கு முன்: பழைய கல்லூரியின் ஆவணத் தொகுப்பு, ஓர் எளிய அறிமுகம்

பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரங்கு வீட்டில் மூன்று டிரங்குப் பெட்டிகள். அந்த வீட்டுத் தாத்தா உள்ளூர்க் கல்லூரியில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். பேரன் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி வந்து கல்லூரி நூலகத்தில் இறக்குகிறார். திறந்தால் நூல் சுற்றிய கடிதக் கட்டுகள், வகுப்புக் குறிப்பு நோட்டுகள், பாதியில் நின்ற கட்டுரை, மளிகைச் சிட்டைகள், போட்டோக்கள், ஓர் ஓலைச்சுவடி.

இந்த இடத்தில் நல்ல மனசோடு மூன்று தவறுகள் நடக்கும். கடிதங்களைக் கட்டவிழ்த்துத் தேதி வாரியாக அடுக்குவார்கள். கிழிசலைச் செலோடேப் போட்டு ஒட்டுவார்கள். சிட்டையையும் காலி உறையையும் குப்பைக்குப் போடுவார்கள். மூன்றில் பெரிய சேதம் முதலாவதுதான். செலோடேப்பைப் பக்குவம் தெரிந்தவர் ஓரளவு எடுத்துவிடலாம். கலைத்த வரிசையை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

நூலகம் வேறு, ஆவணக் காப்பகம் வேறு

அச்சுப் புத்தகம் தனியாக நின்றாலும் பொருள் தரும். அதே புத்தகம் பத்து ஊரில் இருக்கும். பாடம் பார்த்து எந்த அலமாரியில் வைத்தாலும் குறைவில்லை. ஆவணம் அப்படியல்ல. ஒருவர் தம் வேலையைச் செய்துகொண்டு போகும்போது பின்னால் சேர்ந்துபோன தாள் அது. அதன் பொருளில் பாதி பக்கத்துத் தாளில் இருக்கிறது.

பேராசிரியரின் கட்டு ஒன்றில் பதிப்பகத்தார் எழுதிய கடிதம், அதோடு பின் குத்திய பதிலின் கார்பன் நகல், அதன் கீழ் பதிவுத் தபால் ரசீது இருக்கின்றன. மூன்றும் சேர்ந்திருக்கும்போது கையெழுத்துப்படி எப்போது போனது, என்ன நிபந்தனையோடு போனது என்று தெரிகிறது. தேதி வாரியாகப் பிரித்தால் கடிதம் மே மாதத்துக்குப் போகும், நகல் ஜூனுக்குப் போகும், தேதி மங்கிய ரசீது 'இதர' என்ற பைலில் விழும். தாள் ஒன்றுகூடத் தொலையவில்லை, ஆனால் அது சொன்ன சேதி தொலைந்துவிட்டது.

இதிலிருந்துதான் இத்துறையின் இரண்டு அடிப்படை விதிகள் பிறக்கின்றன. ஒருவரிடமிருந்து வந்ததை இன்னொருவரிடமிருந்து வந்ததோடு கலக்கக் கூடாது. இதை 'மூலம் காத்தல்' எனலாம். அவர் வைத்திருந்த வரிசை தெரிகிறவரை அதை மாற்றக் கூடாது. இது 'மூல ஒழுங்கு'. இரண்டு பேராசிரியர்கள் இருவருமே கால்டுவெல்லைப் பற்றிக் குறிப்பெடுத்திருக்கலாம். அதற்காக 'கால்டுவெல்' என்று ஒரு பைல் போட்டு இருவர் தாளையும் ஒன்றாக்குவது நூலகப் புத்தி. காப்பகத்தில் இரண்டும் தனித்தனியே இருக்கும். பட்டியல்தான் இரண்டையும் காட்டிக்கொடுக்கும்.

பட்டியலின் கனம் எவ்வளவு என்பதற்கு நம்மவர் தாள்களே சாட்சி. இங்கிலாந்தில் 1546-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் நூலகத்தில் வாட்சன் என்ற கணித அறிஞரின் தாள்கள் சில இருக்கின்றன. அவர் 1965-இல் இறந்தபின் அவருடைய அறையில் தரையெங்கும் குவிந்து கிடந்த தாள்கள் எரிப்புக்குப் போக வேண்டியவை. தெரிந்தவர்கள் இருவர் தலையிட்டுக் காப்பாற்றியதில் ஒரு பகுதி 1968-இல் டிரினிட்டிக்குப் போனது. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அந்தப் பெட்டியைப் பார்த்தபோது உள்ளே சீனிவாச இராமானுஜனின் கையெழுத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். 1920-இல் இறப்பதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் அவர் எழுதிய வாய்பாடுகள். உலகம் இதைத் 'தொலைந்த நோட்டு' என்கிறது. உண்மையில் அது கல்லூரி நூலகத்தில்தான் இருந்தது. இன்னார் எழுத்து உள்ளே இருக்கிறது என்பது வேண்டியவர் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். அது வாட்சன் கைக்கு வந்த வழியும் முக்கியம்: சென்னைப் பல்கலைக்கழகம், இராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்ப, ஹார்டியிடமிருந்து வாட்சனுக்குப் போனது. இந்தச் சங்கிலி தெரிவதால்தான் அந்தத் தாள்களை ஐயமில்லாமல் நம்ப முடிகிறது.

கல்லூரியில் இரண்டு வகைத் தாள்கள்

முதல் வகை கல்லூரியே உண்டாக்கியவை. சேர்க்கைப் பதிவேடு, ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்பு, கணக்குப் பேரேடு, கட்டட வரைபடம், விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு, பல்கலைக்கழகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து. நம் பக்கத்துப் பழைய கல்லூரிகளில் இந்தக் கடிதங்கள் மூன்று அடுக்காக இருக்கும்: 1966 வரை சென்னை, பிறகு மதுரை, 1990-இலிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். கல்லூரிப் பக்கத்துக் கடிதம் இல்லையென்றால் எதிர்ப்பக்கம் எங்கே தேடுவது என்பதை இந்த அடுக்கு சொல்லிவிடும்.

மிஷன் கல்லூரிகளுக்கு இன்னொரு திசையும் உண்டு. பாளையங்கோட்டைத் தூய யோவான் கல்லூரி போலச் சர்ச் மிஷன் சொசைட்டி வழி வந்தவற்றின் கதையில் ஒரு பாதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள அந்தச் சங்கத்தின் ஆவணங்களில் இருக்கிறது. 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி சேசு சபையினருடையது. அச்சபையின் மதுரை மாகாண ஆவணங்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் உள்ளன. மாவட்ட ஆட்சியரகத்தின் பழைய காகிதங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்.

இரண்டாம் வகை தனிநபர் தாள்கள். இங்கே புதியவர்கள் சறுக்கும் ஓர் இடம் உண்டு: ஒருவருடைய பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை பிறர் வீடுகளில் இருக்கும். ஒரு பேராசிரியரின் கடிதங்களைத் தேடுகிறவர் அவருடைய நண்பர்களின் பெட்டியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தனிநபர் தாள்களைக் கல்லூரி ஏன் மெனக்கெட்டுச் சேர்க்க வேண்டும்? 1908 மார்ச் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதான மறுநாள். திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது. நகராட்சி அலுவலகமும் பிற அரசுக் கட்டடங்களும் தாக்கப்பட்டன, பதிவுகள் தீக்கிரையாயின. இப்படி அரசுக் காகிதம் அழிந்துபோன இடத்தில் ஓர் ஆசிரியரின் நாட்குறிப்போ, வெளியூர்ப் பிள்ளை வீட்டுக்கு எழுதிய கடிதமோதான் மிச்சம் இருக்கக்கூடும்.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டியவை

முடிந்தால் பெட்டி வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட வேண்டும். எது மேசை மேல் இருந்தது, எது பரணில் கிடந்தது என்பதே ஒரு தகவல். அலமாரியைத் தட்டுத் தட்டாகப் போட்டோ எடுத்து, தட்டுக்கு ஓர் எண் கொடுத்து, அதே வரிசையில் அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துவர வேண்டும். அவசரத்தில் சாக்கில் கொட்டி வந்தால் மூல ஒழுங்கு வாசலிலேயே முடிந்தது.

அடுத்தது ஒப்படைப்புக் கடிதம். ஒரு பக்கம் போதும், ஆனால் அது கட்டாயம். தருபவர் யார், தருவது அன்பளிப்பா இரவலா, மற்ற வாரிசுகளுக்குச் சம்மதமா, பதிப்புரிமை யாரிடம், எவ்வளவு காலம் எதை மூடி வைக்க வேண்டும், கல்லூரி வேண்டாம் என்று கழிப்பதைத் திருப்பித் தருவதா அழிப்பதா. 'சார், சும்மா வச்சிக்கிடுங்க' என்று வாய்மொழியாகத் தந்துவிட்டுப் போனதை இருபது வருஷம் கழித்து இன்னொரு வாரிசு வந்து கேட்டால், காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

பிறகு வரவுப் பதிவேடு. வந்த நாள், தந்தவர், எத்தனை பெட்டி, நிலைமை எப்படி. ஆண்டும் வரிசை எண்ணும் சேர்த்து 2025/3 என்பது போல ஓர் எண். எண் போட்டபின் பெட்டிகள் நேரே காப்பறைக்குள் போகக் கூடாது. இரண்டு வாரம் தனி அறை. ராமபாணப் பூச்சியும் கரையானும் பூஞ்சையும் ஓசி டிக்கெட்டில் உள்ளே வருவது இப்படித்தான். உயிரோடு பூச்சி தென்பட்டால் கட்டைக் கனமான பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி ஒட்டி, மைனஸ் 18 அல்லது 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் உறைய வைக்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் வெளிக்காற்றின் ஈரம் தாளில் வியர்த்துவிடும். கண்ணாடி நெகடிவ்களுக்கு இந்த வைத்தியம் ஆகாது. பாச்சை உருண்டை பூச்சியைக் கொல்வதைவிட ஆளுக்குக் கெடுதல் செய்வதே அதிகம். மூடிய அறையில் அதைக் கொட்டி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

இதற்குப் பிறகுதான் பட்டியல். பெட்டிவாரிப் பட்டியல் முதலில்: பெட்டி 1, மேலிருந்து கீழாக என்ன இருக்கிறது, இரண்டு மூன்று வரி. தாள் தாளாகப் பட்டியல் போடத் தொடங்குகிறவர்கள் பொதுவாக முதல் பெட்டியைத் தாண்டுவதில்லை. எல்லாப் பெட்டிக்கும் மூன்று வரி இருப்பது, ஒரு பெட்டிக்கு நானூறு வரி இருந்து மற்றவை மூடிக் கிடப்பதைவிட எவ்வளவோ மேல்.

பட்டியல் போட்டபின் வரிசைகள் தாமாகவே தெரியவரும்: கடிதங்கள், வகுப்புக் குறிப்புகள், கட்டுரைப் படிகள், குடும்பக் கணக்கு. தொகுப்பு, அதற்குள் வரிசை, அதற்குள் கோப்பு, அதற்குள் உருப்படி என்று ஊர், தெரு, வீடு, ஆள் போல இறங்கிக்கொண்டே போகும். அவர் ஒழுங்கு எதுவும் வைத்திருக்கவில்லை, எல்லாம் ஒரே குவியல் என்றால் மட்டும் நாம் ஓர் ஒழுங்கு அமைக்கலாம். அமைத்தது நாம்தான் என்று பட்டியலில் எழுதிவைக்க வேண்டும்.

உலக அளவில் ஐசாட்-ஜி என்ற விவரிப்பு நெறி இருக்கிறது. அதில் 26 கூறுகள்; ஆறு இன்றியமையாதவை. அந்த ஆறு மட்டும் இருந்தால்கூட ஒரு தொகுப்பை வெளியூர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். மாதிரிக்கு ஒன்று:

குறியீடு: பா 12
தலைப்பு: தமிழ்ப் பேராசிரியர் இன்னாரின் தாள்கள்
காலம்: 1931–1974, பெரும்பகுதி 1948–1966
நிலை: தொகுப்பு
அளவு: 9 பெட்டிகள், 1.1 மீட்டர்
உருவாக்கியவர்: பெயர், பிறப்பு, இறப்பு, வகித்த பணி

அளவை மீட்டரில் சொல்வது அலமாரியில் பிடிக்கும் இடத்தை வைத்து. 12 செ.மீ. அகலப் பெட்டி ஒன்பது நின்றால் 1.08 மீட்டர்.

எண் இடுவது 2பி பென்சிலால், தாளின் பின்பக்க மூலையில், அழுத்தாமல். பேனாவும் ரப்பர் ஸ்டாம்பும் கூடாது. ஜெம் கிளிப்பும் பின்னும் துருப்பிடித்துத் தாளை அரிக்கும் என்பதால் எடுத்துவிட வேண்டும். ஆனால் எதெதைச் சேர்த்துக் குத்தியிருந்தது என்பது போகாமல், அந்தத் தாள்களை ஒரு மடித்த வெள்ளைத் தாளுக்குள் சேர்த்தே வைக்க வேண்டும். உறையை எறிவதும், தபால்தலைக்காக அதை வெட்டிக் கொடுப்பதும் கடிதத்தின் ஊரையும் நாளையும் வெட்டி எறிவதுதான். தேதி போடாத கடிதத்துக்குத் தபால் முத்திரையே தேதி.

தேதியும் பெயரும்: நம் பக்கத்துச் சிக்கல்

நெல்லைச் சீமைப் பழைய தாள்களில் கொல்லம் ஆண்டு அடிக்கடி வரும். அதை ஆங்கில ஆண்டாக மாற்ற, ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆடி முடிய 825. கொல்லம் 1083 மாசி என்றால் 1908. வெறுமனே 'விரோதிகிருது வருஷம்' என்று இருந்தால் அது 1911–12 ஆகவும் இருக்கலாம், 1851–52 ஆகவும் இருக்கலாம், 1971–72 ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சக்கரம் அப்படி. தாளும் மையும் உள்ளே வரும் பெயர்களும்தான் எந்தச் சுற்று என்று சொல்லும். ௳ என்பது நாள், ௴ மாதம், ௵ வருஷம். இந்த மூன்றையும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. பட்டியலில் தாளில் உள்ளபடியும் எழுத வேண்டும், ஆங்கிலத் தேதியையும் எழுத வேண்டும். மாற்றிக் கணக்கிட்டதில் தவறு இருந்தால் பின்னால் வருபவர் திருத்திக்கொள்வார்.

ஊர் நகரவில்லை, மாவட்டம் நகர்ந்துவிட்டது. தூத்துக்குடி 1986-இல் தனி மாவட்டமானது, தென்காசி 2019-இல். 1950-இல் 'திருநெல்வேலி ஜில்லா' என்று எழுதிய ஸ்ரீவைகுண்டத்துக் கடிதத்தை இன்றைய வரைபடத்தை வைத்துத் திருத்தக் கூடாது. பக்கத்தில் இன்றைய பெயரையும் குறிக்கலாம்.

ஆள் பெயருக்கும் இதே நியாயம். புதுமைப்பித்தன் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். மாணவர் பதிவேடு எதிலும் அவரைத் தேடுகிறவர் சொ. விருத்தாசலம் என்றுதான் தேட வேண்டும். புனைபெயர், வீட்டுப் பெயர், முன்னெழுத்து மாறிய பெயர் எல்லாம் ஒரே ஆளுக்குப் போய்ச் சேரும்படி ஒரு பெயர்க் குறிப்பேடு வைத்திருப்பது பெரிய உதவி.

தாளை எது தின்கிறது

பூச்சியைச் சொல்லியாயிற்று. தாளுக்குள்ளேயே இருக்கும் எதிரி அமிலம். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் பழுத்து, தானும் பொடிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் கடிதத்தையும் பழுப்பாக்கும். நறுக்குகளை நல்ல தாளில் நகலெடுத்துக்கொண்டு, மூலத்தைத் தனி உறையில் அதே கோப்பில் வைக்கலாம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மை இன்னொரு வகை. இரும்பும் அமிலமும் சேர்ந்து எழுத்து இருந்த இடத்தையே ஓட்டையாக்கிவிடும். ஈரம் பட்டால் இது வேகம் பிடிக்கும், ஆகவே இந்த மைக் கடிதங்களை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது.

லேமினேஷன் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டும். சான்றிதழுக்குப் போடும் அந்தச் சூட்டுப் பிளாஸ்டிக்கை ஆவணத்துக்குப் போட்டால் பிரித்தெடுக்க வழியில்லை; அமிலம் உள்ளேயே அடைபட்டு வேலை செய்துகொண்டிருக்கும். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும். அது கைவசம் இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் உறையிலிட்டு வைப்பதே சரியான சிகிச்சை. பெட்டியும் உறையும் அமிலமற்ற அட்டையாக இருக்க வேண்டும். ஒரு கோப்பு 2 செ.மீ.க்கு மேல் தடிக்கக் கூடாது. ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் தைலம் தடவுவார்கள்; அந்த எண்ணெய் காகிதத்தில் ஏறாமல் இருக்கச் சுவடிக்குத் தனிப் பெட்டி, பட்டியலில் மட்டும் அது பேராசிரியரின் தாள்களோடு சேர்ந்திருக்கும். பெட்டியில் 1950-களுக்கு முந்தைய பழைய பிலிம் சுருள் இருந்தால் அதையும் தனியாக வைக்க வேண்டும். நைட்ரேட் பிலிம் என்றால் எளிதில் தீப்பற்றும்.

சூட்டைவிட மோசம் ஏற்ற இறக்கம். நம் ஊரில் மே மாதம் வறுத்தெடுக்கும், ஐப்பசி கார்த்திகையில் சுவரே கசியும். பகலில் ஏசி போட்டு மாலையில் அணைத்துவிட்டுப் போவது, ஏசியே இல்லாத தடித்த சுவர் அறையைவிடக் கெடுதல். ஈரப்பதமானி ஒன்று மாட்டி, 60 சதவீதத்தைத் தாண்டும் நாட்களைக் குறித்து வைத்து, மின்விசிறி ஓடவிட்டாலே பூஞ்சை பாதி குறையும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது.

வெள்ளம் இங்கே புத்தகத்தில் படிக்கும் ஆபத்தில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. காப்பறை தரைத்தளத்தில் வேண்டாம். மாடியில் கொடுத்தாலும் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே வேண்டாம். அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில். நனைந்தால் கையில் இருப்பது 48 மணி நேரம், அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். சிலவற்றை மின்விசிறியில் உலர்த்தலாம். நிறைய நனைந்திருந்தால் கட்டைப் பிரிக்காமல், வெயிலில் போடாமல், பாலித்தீனில் சுற்றி உறைய வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்த வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் கடலுணவுக் குளிர்கிடங்குகள் இருக்கின்றன; மழைக்கு முன்பே ஒருவரிடம் பேசி வைப்பது வேடிக்கையாகத் தோன்றினாலும் புத்திசாலித்தனம்.

ஸ்கேன் எடுத்தால் போதாதா?

போதாது. ஸ்கேன் என்பது தாளுக்குத் துணை, மாற்று அல்ல. ஏ4 தாளை 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ணத்தில் சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 46 மெகாபைட். ஆயிரம் பக்கத்துக்கு 46 ஜிகாபைட். பார்ப்பதற்குச் சிறிய ஜேபெக் தனியாக. மூன்று பிரதி, ஒன்றாவது வேறு ஊரில். பெயர் வைக்கும்போது காப்பகக் குறியீடே கோப்பின் பெயராக இருக்க வேண்டும். கேமரா போட்ட எண்ணோடு விட்டால் ஆறு மாதத்தில் எது எந்தக் கட்டு என்று யாருக்கும் தெரியாது. முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கமும் உறையும் ஸ்கேனில் வர வேண்டும்.

1990-களுக்குப் பிந்தைய பெட்டிகளில் பிளாப்பியும் சிடியும் இருக்கும். அவற்றில் உள்ள தமிழ் பெரும்பாலும் யூனிகோடு அல்ல. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது, திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அழிந்த கோப்பு என்று தள்ளிவிடாமல், மூலத்தை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

யார் பார்க்கலாம், யார் அச்சிடலாம்

கடிதத் தாள் கல்லூரிக்குச் சொந்தமாகலாம். அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் வாழ்நாளிலேயே வெளியான எழுத்துக்கு, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1974-இல் இறந்தவரின் அப்படிப்பட்ட எழுத்துக்கு 2034 முடிய. அவர் இருந்தவரை அச்சேறாத கடிதத்துக்கோ, அது முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டுக் கணக்கு. பேராசிரியரின் பேரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், பேராசிரியருக்குப் பிறர் எழுதிய கடிதங்களை அச்சிட அவரால் அனுமதி தர முடியாது. படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், முழுதாக வெளியிடும்போதுதான் இந்தக் கேள்வி வரும். சேர்க்கைப் பதிவேட்டில் சாதி, பிறந்த நாள், தகப்பனார் தொழில் எல்லாம் இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் விவரம் கேட்பவருக்கெல்லாம் திறந்து காட்டுவதற்கில்லை. இத்தனை ஆண்டு மூடப்பட்டது என்று விதியை எழுதி ஒட்டிவிட்டால், ஆளுக்கொரு நியாயம் என்ற பேச்சு வராது.

படிக்கப் போகிறவர் முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. 'பழைய பேப்பர் ஏதாவது இருக்கா' என்றால் இல்லை என்ற பதில்தான் வரும். ஆள், காலம், விஷயம் மூன்றையும் சொல்லிக் கேட்க வேண்டும். பென்சிலோடு போக வேண்டும், கை கழுவி உலர்த்திவிட்டு உட்கார வேண்டும். வெறுங்கை சுத்தமாக இருந்தால் போதும், கையுறை போட்ட விரல் தாளை எளிதில் கிழிக்கும். கையுறை போட்டோவுக்கும் நெகடிவுக்கும் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. உள்ளே தாள் இடம் மாறி இருப்பதாகத் தோன்றினால் தாமாகச் சரிசெய்யாமல் பணியாளரிடம் சொல்ல வேண்டும். கட்டுரையில் சுட்டும்போது கல்லூரியின் பெயர், தொகுப்பு, குறியீடு, பெட்டி, கோப்பு என்ற வரிசையில் எழுதினால், அடுத்து வருபவர் அதே தாளை ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.